அடியில் பிடிக்க ஆளில்லாத போல்ட்

போன மாதம் எங்கள் தெருவுக்குப் பேட்டரியில் ஓடும் ஆட்டோ ஒன்று வந்தது. அதைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் தம்பி, என்னை வாசலில் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்து, பேட்டரி என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். "இந்தப் பெட்டிக்குள்ளதான் தாத்தா கரண்டு இருக்கு" என்று தட்டிக் காட்டினார். நாற்பத்தொரு வருஷம் லாரி வயரிங் போட்டவன் நான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் கையில் அவர் வாங்கிக் கொடுத்த டீ இருந்தது.

"உங்க காலத்துல பேட்டரி வண்டியெல்லாம் பாத்திருக்க மாட்டீக" என்றார்.

"பேட்டரியில படகே ஓட்டியிருக்கேன்யா" என்றேன்.

விருதுநகர்ச் சீமையில் படகா என்று சிரித்துவிட்டு, "எழுதித் தாங்க, எங்க மெக்கானிக் சங்கத்து மலர்ல போடுவோம்" என்றார். எழுதிவிட்டேன். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

நான் தொழில் படித்த கதையைச் சொல்லி மலரின் இடத்தை அடைக்கப் போவதில்லை. அருப்புக்கோட்டையில் மூன்று வருஷம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மதுரையில் இரண்டு வருஷம் டைனமோ பிரித்தேன். அங்கே அடி வாங்கினேன், இங்கே வசவு வாங்கினேன். ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஒரு லாரிப் பட்டறையில் வயர்மேனாகச் சேர்ந்தேன். மிளகாய் வற்றல் லோடு இறக்கிவிட்டு வரும் லாரிகள்தான் அதிகம். தும்மிக்கொண்டே வயரிங் போடப் பழகிவிட்டால் அப்புறம் எந்த ஊரிலும் வேலை பார்க்கலாம்.

பட்டறையின் சொந்தக்காரர் மதுரையில் இருந்தார். எங்களுக்கு எல்லாம் சுந்தரம் மேஸ்திரிதான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க லாரிக்கு அடியில் கிடப்பார், வேட்டியில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. எப்படி என்று நாங்கள் பந்தயமே கட்டிப் பார்த்திருக்கிறோம், கண்டுபிடிக்க முடியவில்லை. நாம் முடித்த வேலையைப் பார்க்க வந்தால் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு விரலால் பிடித்து மூன்று தரம் இழுப்பார். பிறகு குனிந்து, இணைப்பைப் பற்றவைத்த ஈயத்தைப் பார்ப்பார். பளபளவென்று இருந்தால் அடுத்ததற்குப் போவார். சரியாக உருகிப் பிடிக்காமல் சாம்பல் பூத்திருந்தால் கட்டிங் பிளேயரை எடுத்து நறுக்கென்று வெட்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். திட்ட மாட்டார், ஏன் என்று கேட்க மாட்டார். யாரையும் எதையும் கேட்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. வயரிங் போட்டவன் அந்த வண்டியின் முதல் ஓட்டத்தில் கூடவே போக வேண்டும், மேஸ்திரியும் வருவார். வழியில் வயரிங் காலை வாரிவிட்டால், போட்டவன் மறுநாள் காலை தன் டூல்ஸை ஈயம் பற்றவைக்கிற மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். வேலை போயிற்று என்று அர்த்தம். நான் சேர்ந்த பிறகு வேலு, மாரியப்பன் என்று இரண்டு பேர் அப்படிப் போனார்கள். இரண்டு பேரும் நல்ல வேலைக்காரர்கள்.

அறுபதுகளின் நடுவில், நல்ல மழை பெய்த ஒரு வருஷம், கார்த்திகை கழிந்த சமயம். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி தர்மராஜ் அண்ணாச்சி பட்டறைக்கு வந்தார். அவர் லாரிகளெல்லாம் எங்களிடம்தான் வரும்.

"மேஸ்திரி, ஒரு படகுக்கு மோட்டார் வச்சு வயரிங் போடணும்" என்றார்.

மேஸ்திரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. லாரிதான் வந்திருக்கிறது என்பதுபோல, "எங்கன நிக்குது?" என்றார்.

"திருத்தங்கலுக்கு மேக்க, எங்க ஊருக் கண்மாயில." அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தூத்துக்குடிக்குப் போன இடத்துல ஆசப்பட்டு வாங்கிட்டேன். சின்னப் பாய்மரப் படகு, நாலு பேரு உக்காரலாம். காத்தடிச்சாப் போகும்னாக. காத்து அங்கன கடல்லல்ல அடிக்குது? இங்கன கரையில நிக்கிற பனையைத் தாண்டி வாறதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கிருது. முந்தாநாள் நடுக் கண்மாயில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஆடு மேய்க்கிறவன் நீந்தி வந்து, கயித்தைக் கட்டி இழுத்துட்டுப் போனான். மானம் போச்சு."

"துடுப்புப் போடலாம்ல அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"பொங்கல் கழிஞ்ச கரிநாளுக்குச் சம்பந்தி வீட்டு ஆளுக வாராக. அவுகளை உக்கார வச்சு நான் துடுப்புப் போட்டா நல்லாவா இருக்கும்?"

பெட்ரோல் எஞ்சின் என்று ஆரம்பித்தேன், அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். பட்டாசுக்காரர்கள் அப்படித்தான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். தீப்பெட்டி கிடந்தால் எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் படி இறங்குவார்கள். "பேட்டரிதான். தீ, பெட்ரோலு ஒண்ணும் கூடாது" என்றார். "பத்து நாள்ல தாரோம்" என்றார் மேஸ்திரி. போடப்போகிற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படகு லாரியில் ஏறிப் பட்டறைக்கு வந்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் கட்டை கொடுத்து நிறுத்தினோம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் படகையே பார்த்ததில்லை. மோட்டாருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லாரி டைனமோவுக்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் அதைச் சுற்றினால் அது கரண்டு தரும், நாம் கரண்டு கொடுத்தால் அதுவே சுற்றும். டைனமோ நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் தினமும் செய்கிற சோதனைதான். பழைய டைனமோ ஒன்றைப் படகின் பின்பக்கம் மரச்சட்டத்தில் ஏற்றி, பெல்ட் போட்டு, வால்போல் தண்ணீருக்குள் நீளும் ஒரு கம்பியைச் சுற்ற வைத்தோம். கம்பி முனைக்கு லேத் பட்டறைக்காரர் மூன்று இலை விசிறி வெட்டிக் கொடுத்தார். இரண்டு லாரி பேட்டரிகளை முன்பக்கம் மரப்பெட்டிக்குள் வைத்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மேஸ்திரி படகை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். நின்றார். "பாடி எங்கன?" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியில் பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். கரண்டு திரும்பி வர வயர் கிடையாது, லாரியின் இரும்பு உடம்பு வழியாகவே திரும்பிவிடும். அதை பாடி எர்த் என்போம். படகோ முழுக்க மரம். மரத்தில் கரண்டு வராது. திரும்பி வர இன்னொரு வயர் இழுத்தால் தீர்ந்தது விஷயம். வீட்டுக்கு லைட் போடுகிற எவனும் முதல் நிமிஷத்தில் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் மேஸ்திரி முப்பது வருஷம் ஒற்றை வயரில் பிழைத்தவர்.

"பாடி இல்லேன்னா என்ன? நாம ஒரு பாடி வைப்போம்" என்றார்.

முன்னாலிருந்து பின்வரை படகின் அடிப்பலகை மேல் ஒரு கனத்த இரும்புப் பட்டை போட வேண்டும். பேட்டரியின் ஒரு முனை பட்டையின் முன்நுனியில், டைனமோவின் உடம்பு பின்நுனியில். அதுதான் படகுக்கு பாடி. இரண்டு நுனியையும் போல்ட் போட்டு இறுக்கச் சொன்னார்.

"ஸ்க்ரூ போதாதா மேஸ்திரி?"

"மரத்துல ஸ்க்ரூ நிக்குமாலே? எர்த்துன்னா போல்ட்டுதான். தொளையப் போடு."

கை ட்ரில்லரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படகின் அடியில் ஓட்டை போடப் போகிறோம். கடலைக் கண்ணால் பார்க்காதவனுக்குக்கூட அது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. இரண்டு வயர் போட்டால் ஒரு ஓட்டையும் வேண்டாமே என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். அப்படியே உள்ளே போய்விட்டது. வீட்டுக்காரி அப்போது ஏழு மாதம். எனக்கு எதற்கு வம்பு என்று இரண்டு ஓட்டையையும் போட்டேன். டயர் டியூபில் வாஷர் வெட்டி, தார் பூசி, லாரி போல்ட்டை அடியிலிருந்து ஏற்றி, உள்ளே நட் போட்டு இறுக்கினேன். பட்டறையில் சுவிட்சைப் போட்டதும் விசிறி அருமையாகச் சுற்றியது. மேஸ்திரி ஒவ்வொரு இணைப்பையும் மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்மாயில் முதல் ஓட்டம். தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கரை மேல் அண்ணாச்சி குடை பிடித்து நின்றார். ஞாயிறு லீவு என்பதால் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி நானும் மேஸ்திரியும் ஏறினோம். எனக்கு நீச்சல் தெரியாது. விருதுநகரில் குடிக்கவே தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டும், இதில் நீந்திப் பழக எங்கே போவது? மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும் என்று தைரியமாக உட்கார்ந்தேன்.

சுவிட்சைப் போட்டேன். படகு நகர்ந்தது! சத்தமே இல்லாமல், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அந்தச் சந்தோஷத்தை என்னால் எழுத முடியவில்லை. அண்ணாச்சி குடையைத் தூக்கி ஆட்டினார். துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து நின்று, "ஏ அண்ணாச்சிகளா, விருதுநகரு போயிச் சேருறப்ப தந்தி குடுங்க!" என்று கூவினாள். மேஸ்திரி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, சத்தியம் செய்ய மாட்டேன்.

மடைக்குப் பக்கம் போனபோது விசிறி நின்றது. அங்கேதான் கண்மாயில் ஆழம் அதிகம், இரண்டு ஆள் ஆழம் என்று அண்ணாச்சி வரும்போதே பெருமையாகச் சொல்லியிருந்தார். வயரிங் காலை வாரிவிட்டது, வேலை போயிற்று என்று வயரைப் பார்க்கப் போனேன். குனிந்தால் பாதத்தில் தண்ணீர்.

"தண்ணி எங்கருந்துலே வருது?" என்றார் மேஸ்திரி.

தேடவே வேண்டாம், பின்பக்கத்துப் போல்ட். மோட்டாரின் அதிர்வில் நட் தளர்ந்து, டைனமோவிலிருந்து வந்த எர்த் வயர் பட்டையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது, அதே ஓட்டை வழியாகத் தண்ணீரும் கொப்பளித்தது. மோட்டார் நின்றதற்கும் படகு ஒழுகுவதற்கும் அந்த ஒரு போல்ட்தான் காரணம். ஸ்பேனரை எடுத்து நட்டைத் திருகினேன். நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றியது.

"இறுகலை மேஸ்திரி. அடியில போல்ட்டுத் தலையப் பிடிக்கணும்."

"பிடி."

"அடி தண்ணிக்குள்ள இருக்கு மேஸ்திரி."

மேஸ்திரி கரை எவ்வளவு தூரம் என்று பார்த்தார். பிறகு, "நீச்சல் தெரியும்லலே?" என்றார்.

"தெரியாது மேஸ்திரி. உங்களுக்கு?"

"நான் சாத்தூர்க்காரன். எங்க ஆத்துல மணல்ல நடந்துதான் போவோம்" என்றார்.

பாய்மரம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது பந்தல் துணி. எந்தக் கயிற்றை இழுத்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

கரையிலிருந்து அண்ணாச்சி கத்தினார்: "என்ன மேஸ்திரி, நின்னுட்டீக?"

"சோதிச்சுக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி!" என்று மேஸ்திரி பதில் கொடுத்தார்.

அந்தத் தந்திக்காரப் பெண் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "ஏதும் சிக்கலா? நாங்க நீந்தி வரட்டுமா?" என்றாள். கிணற்றிலும் கண்மாயிலும் வளர்ந்தவர்கள், மீன்போல வந்திருப்பார்கள். ஒருத்தி முங்கிப் போல்ட்டின் தலையைப் பிடித்திருந்தால் அரை நிமிஷத்தில் இறுக்கியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இரண்டு பேரும் சிரித்த முகமாகக் கையை ஆட்டினோம். கணுக்கால் வரை தண்ணீர் வந்திருந்தது.

பிறகு மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியைப் போல்ட்டைச் சுற்றித் திணித்து, "குதிகால வச்சு மிதி" என்றார். மிதித்தேன். தண்ணீர் வரத்துக் குறைந்தது. அடுத்து, தூக்கிக்கொண்டிருந்த எர்த் வயரின் முனையைப் பிடித்துப் பட்டையோடு சேர்த்துப் பெருவிரலால் அழுத்தினார். விசிறி உதறிக்கொண்டு சுற்றியது. விரலை எடுத்தார், நின்றது. மறுபடி அழுத்தினார், சுற்றியது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்படியே தண்ணீருக்குள் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த வெள்ளை வேட்டி செம்மண் தண்ணீரில் ஊறியதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

வலது குதிகால் போல்ட்டில், இடது கை சுக்கானில், வலது கையில் சாப்பாடு கொண்டு வந்த டிபன் டப்பா. மிதித்துக்கொண்டே, திருப்பிக்கொண்டே, தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே நான் வந்தேன். மேஸ்திரி குனிந்த தலை நிமிரவில்லை. அலை தட்டி அவர் கை நழுவும்போதெல்லாம் படகு நிற்கும், மறுபடி ஓடும். படித்துறையில் ஒரே சிரிப்பு. "ஒருத்தரு மிதிக்காரு, ஒருத்தரு விழுந்து கும்புடுதாரு, இதென்ன புதுசா இருக்கு!" என்று அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

கரை சேர்ந்தோம். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "ஓடிருச்சே! ஆனா ஏன் ரெண்டு பேரும் குனிஞ்சமேனிக்கே வந்தீக?"

"எர்த் விட்டுருச்சு. சரி பண்ணித் தாரோம்" என்றார் மேஸ்திரி. அவர் வலது கையை விரிக்கப் பார்த்தார், விரல் நிமிரவில்லை. லாரியில் படகை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த விரலை நீவிக்கொண்டே வந்தார். நான் மனதுக்குள் வீட்டு வாடகை, பிரசவம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சட்டம் சட்டம்தானே, நானே வைத்துவிடலாம் என்று. மேசையில் எனக்கு இடமில்லை. சிவப்பு டேப் சுற்றிய கட்டிங் பிளேயர், டெஸ்ட் லாம்ப், துணியில் சுருட்டிய ஸ்பேனர்கள், எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தது. மேஸ்திரியின் டூல்ஸ்.

"ஏழு மணிக்கே வந்தாக" என்றார் ஸ்டோர் பார்க்கிற கணேசன். "வச்சாக, போயிட்டாக."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் வேலை தப்பித்ததே என்ற நிம்மதி. இத்தனை வயதுக்குப் பிறகும் அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த நிமிஷம் அழுகை வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்கு விரைந்தேன்.

"வாங்க தம்பி" என்றார் அவர் மனைவி. "விடிஞ்சதுலருந்து கோழிக்கூட்டுக்கு லைட்டு போட்டுக்கிட்டு இருக்காக. கோழி கேட்டுச்சாக்கும்!"

கொல்லையில் மேஸ்திரி கூட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தார். கோழிகள் வெளியே கோபமாக நின்றன.

"மேஸ்திரி, வயரிங் போட்டது நானு. டூல்ஸ் வைக்க வேண்டியவன் நானு" என்றேன்.

"தொளை போடச் சொன்னது நானு." குரல் மட்டும் கூட்டுக்குள்ளிருந்து வந்தது.

"படகு கரைக்கு எதுல வந்துச்சு? துடுப்புலயா, பாயிலயா?"

"மோட்டார்ல."

"அப்ப ஓடுச்சுல்ல? நடுவழியில விட்டுட்டு வந்தாத்தான நம்ம சட்டம்?"

"எம் பெருவிரல்லலே ஓடுச்சு."

"பெருவிரலும் நம்ம பட்டறை ஆளுதான மேஸ்திரி?"

அவர் மெதுவாக வெளியே வந்தார். தலையில் ஒரு கோழி இறகு. நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

"தொளை போடுறப்ப ஓம் மூஞ்சி சரியில்ல. பாத்தேன். ஏன்னு நான் கேக்கல. நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"பயம் மேஸ்திரி."

"எதுக்கு?"

"உங்களுக்குத்தான்."

அவர் கையிலிருந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். "வேலு, மாரியப்பன், அவனுகளும் இப்படித்தான் எம் மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிட்டானுகளோ என்னமோ" என்றார். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

படகு பிறகு அந்தக் கரிநாளில் சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஓடியது, கண்மாய் வற்றும் வரை வருஷா வருஷம் ஓடியது. மாரியப்பனை மேஸ்திரியே தேடிப் போய்க் கூட்டி வந்தார். வேலு கோயம்புத்தூரில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான், வர மாட்டேன் என்றுவிட்டான். நான் சொல்ல வந்தது அதையெல்லாம் அல்ல.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி பட்டறைக்கு வந்தார். மேசை முன்னால் நின்றார். டூல்ஸைத் தொடவில்லை. "வச்சவன் எடுக்கக் கூடாது. நீ எடுத்துக் குடு" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் படகிடம் போனார். பட்டையைக் கழற்றினார், இரண்டு ஓட்டைக்கும் மர ஆப்பு அடித்தார். பிறகு ஒரு சாக்கை விரித்து என்னை உட்காரச் சொன்னார். அவர் நின்றார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ரெண்டு வயரு போடணும். எது எது எங்கன போகும், நீ சொல்லு."

மேஸ்திரி நிற்க நான் உட்கார்ந்து பேசுவதா? சாக்கின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது.

"வாயத் தொறலே" என்றார். "தொறக்காமத்தான ரெண்டு பேரும் முங்கப் பாத்தோம்."

நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.